வண்டிப் பீடம்

கௌரவம் வந்தது மனிதர்களைப் பார்த்து அல்ல, மாடுகளைப் பார்த்து. இதைச் சூசானின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் ஒருவரும் இல்லை.

மொரீசியஸ் தீவின் தெற்கே, சுரினாம் என்கிற ஊருக்கு மேலே ஏறிப் போனால் கரும்புக்காட்டின் நடுவே ஒரு சின்ன ஊர். ஒரு சிற்றாலயம், அதற்கு ஒரு மணி, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய கத்தோலிக்கக் குடும்பங்கள். மற்றவர்கள் எல்லாம் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். கரும்பு வெட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஜூன் மாதக் குளிரில், அங்கே நற்கருணைத் திருவிழா வரும். பக்கத்துச் சிறுநகரமான சூய்யாக்கிலிருந்து சாமியார் வந்து, அப்ப வடிவில் இருக்கும் ஆண்டவரைக் கதிர்ப்பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு, நான்கு கம்பில் தாங்கிய துணி மேற்கட்டிக்கு அடியில் ஊரைச் சுற்றி நடப்பார். நடுவழியில் ஆண்டவர் சற்றுத் தங்க ஒரு பீடம் வேண்டும். மற்ற ஊர்களில் மேசை போட்டு விரிப்பு விரிப்பார்கள். இந்த ஊரில் மட்டும் அது கரும்பு வண்டியாக இருக்க வேண்டும். சிறு விவசாயிகளின் ஊர் அல்லவா? ஆண்டவர் ஒரு நிமிஷம் தங்கிய வண்டியில் முதல் கரும்பு ஏறினால் வெட்டு முடியும் வரை அச்சு முறியாது, ஆளுக்கு ஆபத்து வராது என்று நம்பிக்கை. அதுவும் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும். ஓடாத வண்டிக்கு ஆசீர்வாதம் எதற்கு?

இத்தனை காலமும் அந்த வண்டி ஜொசெத் வீட்டு வண்டிதான். அவள் புருஷன் எர்வே கோயில்பிள்ளை. மணியடிப்பதும் மெழுகுவத்தி ஏற்றுவதும் அவன் வேலை. அப்புறம் மாட்டுச் சாவு வந்தது. தீவு முழுக்க மாடுகள் மூக்கில் நீர் வழிய, கால் மடங்கி விழுந்தன. ஜொசெத்தின் மாடுகள் போயின. மாடு போன பிறகு வண்டியை வைத்துக்கொண்டு அழகு பார்ப்பதா என்று அவளும் மற்றவர்களும் வண்டிகளைத் தோட்டத்து முதலாளிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஊரிலேயே ஒரே ஒரு ஜோடிதான் தப்பியது. அது சூசானின் புருஷன் ஃபிலிப்பின் ஜோடி. அது எப்படித் தப்பியது என்று அவனுக்கே தெரியாது. தெரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஃபிலிப்பின் பெயர் பிறக்கும்போது அப்பாசாமி. சூசானைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினான். சூசான் மூன்று தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். அப்படியும் ஊர்வாயை மூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசை, வெள்ளிக்கிழமை இருட்டில் விபூதி என்று ஜொசெத் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். ஆகவே வண்டிப் பீடம் இந்த வருஷம் ஃபிலிப் வீட்டு வாசலில் என்று சாமியார் சொன்னபோது, அந்த வார்த்தை சூசானின் காதில் தேனாக விழுந்தது. போதாததற்கு மேற்கட்டியின் நான்கு கம்புகளில் ஒன்றைப் பிடிக்கிற பெருமையும் ஃபிலிப்புக்கு வந்தது. அவன் எங்கிருந்தோ வெள்ளைக் கையுறை இரவல் வாங்கி வந்து, இரண்டு நாள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தான்.

சூசானுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பெண் குழந்தை நதின் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. ஆண்டவர் என் வாசலில் வந்து தங்கட்டும், அவர் தங்கினால் எனக்கு ஒரு குழந்தை தருவார் என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். நேர்ந்துகொண்டதைக் கணக்குத் தீர்ப்பதுபோல் செய்து முடிப்பவள் அவள். கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளைப் புடவையை, ஓரத்தில் தானே பின்னிய லேஸ் வைத்து, பீடத்து விரிப்பாகத் தைத்துவிட்டாள்.

திருவிழா வியாழக்கிழமை வந்தது. விடியற்காலையிலேயே ஃபிலிப் வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அணைத்து, நுகத்தடிப் பக்கத்தை ஒரு கட்டையில் முட்டுக் கொடுத்து வண்டித் தட்டைச் சமமாக்கினான். பக்கக் கம்புகளைப் பிடுங்கினான். பிறகு கறுப்புக் கோட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். சூசான் புடவையை விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நடுவில் வைத்து, பித்தளை விளக்குத்தண்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தினாள். சக்கரங்கள் தெரியாமல் சிவப்புப் பூவும் கரும்புப் பூவும் கட்டித் தொங்கவிட்டாள். மாடுகள் கொல்லையில் வைக்கோல் மென்றுகொண்டிருந்தன.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சாமியார் ஜொசெத்தை அனுப்பியிருந்தார். அவள் வந்து லேஸைத் தொட்டுப் பார்த்தாள், விளக்குத்தண்டை ஒரு விரற்கடை நகர்த்தினாள், பிறகு அதையே பழைய இடத்துக்கு நகர்த்தினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத வருத்தம் அவள் முகத்தில் எழுதியிருந்தது. சூசானுக்கு அது பூசையைவிடப் பெரிய ஆனந்தமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்த நேரத்தில்தான் பொன்னுசாமி ஓடிவந்தான்.

பொன்னுசாமி ஃபிலிப்பின் தங்கை கண்ணம்மாவின் புருஷன். கண்ணம்மா மதம் மாறவில்லை. ஒரே ஊரில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தும் இரண்டு வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் சூசான்தான். நதின் காய்ச்சலில் கிடந்தபோது கண்ணம்மா மழையில் நனைந்துகொண்டு கோயில் விபூதியோடு ஓடிவந்தாள். குழந்தையின் நெற்றியில் வைக்கக் கை நீட்டினாள். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைக்குப் பேய்ச் சாம்பலா என்று கேட்டு, சூசான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். விபூதி தரையில் கொட்டியது. கண்ணம்மா மழையிலேயே திரும்பிப் போனாள். மறுநாள் குழந்தை இறந்தது. சாவுக்கு வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பொன்னுசாமி அதே வேலிக்கு வெளியில் நின்றான். உள்ளே வரலாமா என்று யோசித்து, வராமலே சொன்னான்.

"தங்கச்சி, கண்ணம்மாவுக்கு நேத்து ராத்திரியிலிருந்து வலி. பிள்ளை கை முதல்ல வந்திருக்கு. மருத்துவச்சி கைவிட்டுட்டா. சூய்யாக் டாக்டர்கிட்ட கொண்டு போனாத்தான் உசிருன்னு சொல்றா. வண்டி வேணும்."

கை முதலில் வந்தால் என்ன அர்த்தம் என்று பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சூசான் வண்டியைப் பார்த்தாள். வெள்ளைப் புடவை, லேஸ், சுரூபம், விளக்கு. தூரத்தில் கோயில் மணி அடித்தது. பவனி புறப்பட்டுவிட்டது.

ஜொசெத் தீவின் கிரேயோல் மொழியில் முணுமுணுத்தாள். பீடம் ஏற்றிய பிறகு ஆண்டவர் வந்து போகும் வரைக்கும் அது சாமான் ஏற்றுகிற வண்டி இல்லை, கலைத்தால் பாவம் என்றாள். அவர்களுக்குத்தான் ஆயிரம் சாமி இருக்கிறதே, எதையாவது கூப்பிடட்டும் என்றும் சொன்னாள். சூசானுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத பேச்சிலும் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிற சாமர்த்தியம் மனித மனசுக்கு உண்டு.

"அண்ணே, பவனி வந்துக்கிட்டே இருக்கு. சாமி வந்து ஆசீர்வாதம் கொடுத்ததும் நானே மாட்டைப் பூட்டி அனுப்புறேன். கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்குங்க," என்றாள் சூசான்.

பொன்னுசாமி கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் பீடத்தைப் பார்த்தான், அதிலிருந்த சுரூபத்தைப் பார்த்தான், இரண்டு கையையும் கூப்பி அதற்கு ஒரு கும்பிடு போட்டான். திரும்பி ஓடினான்.

கொஞ்ச நேரம் என்று அவள் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு. பவனி எவ்வளவு மெதுவாக நகரும் என்று அவளுக்குத் தெரியாதா? முன்னால் சிலுவை, பிறகு வெள்ளை உடுப்புச் சிறுமிகள் பூ தூவிக்கொண்டு, பிறகு பெண்கள், ஆண்கள், கடைசியில் மேற்கட்டி. நாலடிக்கு ஒரு தடவை தூபம், பாட்டுக்கு ஒரு நிற்பு. வந்து, பீடத்தில் வைத்து, செபம் சொல்லி, ஆசீர்வதித்து, மறுபடி எடுத்துக்கொண்டு போய், பின்னால் வருகிற கூட்டம் எல்லாம் கலைகிற வரைக்கும் வண்டியை நகர்த்த முடியாது. சூய்யாக்குக்குப் போகிற வழியும் அதே வழிதான். ஊருக்கு ஒரே பாதை. இரண்டு பக்கமும் வயல்களிலிருந்து பொறுக்கிக் குவித்த கருங்கற்சுவர், சுவருக்கு அப்பால் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு.

சூசான் முழங்காலில் நின்று செபமாலையை எடுத்தாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கியவளுக்கு அதற்குமேல் வரவில்லை. கொஞ்ச நேரம் என்று மறுபடியும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே புரியவில்லை. ஜொசெத் பின்னால் நின்று, மெழுகுவத்தியை இப்போது ஏற்றலாம் என்றாள். சூசான் முழங்காலை விட்டு எழவில்லை. கடைசியில் ஜொசெத்தே ஏற்றினாள்.

பாட்டுச் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்கத் தொடங்கியபோது, ஊரின் மேற்கோடியிலிருந்து இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் பொன்னுசாமி, பின்னால் அவனுடைய கிழத் தகப்பன். தோளில் ஒரு மூங்கில், மூங்கிலில் தொங்குகிற போர்வை, போர்வைக்குள் கண்ணம்மா. ஊரில் மற்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார்கள். இந்துக்களுக்கு அன்று விடுமுறை ஏது? கிழவனுக்குக் காலில் பழைய யானைக்கால் வீக்கம். நாலடி நடந்து நின்றான், மறுபடி நாலடி நடந்தான். இப்படியே சூய்யாக் வரைக்குமா?

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் பொன்னுசாமி நின்றான். எதிரே வளைவில் பவனிச் சிலுவையின் நுனி தெரிந்துவிட்டது. அந்தக் குறுகிய பாதையில் எதிரும் புதிருமாகப் போக இடமில்லை. அவன் கிழவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் பாதையை விட்டு இறங்கி, வண்டிக்குப் பின்புறம், சுவரோரமாகப் புல்லில் போர்வையை இறக்கினார்கள். சாமி போகும் வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் அங்கே ஒதுங்கியிருக்கலாம் என்று எண்ணினார்கள். தீட்டு ரத்தம் கத்தோலிக்கப் பூசைக்கு எதிரில் வரக்கூடாது என்கிற பயம் அவர்களுக்கு.

ஆக, வண்டிக்கு முன்பக்கம் லேஸும் மெழுகுவத்தியும். பின்பக்கம் புல்லில் கண்ணம்மா. நடுவில் ஒரு புடவைதான் மறைப்பு.

முனகல் ஒன்று வந்தது. பிறகு பொன்னுசாமி அழுகிற குரல். பிறகு கண்ணம்மாவின் குரல், பல்லுக்கு நடுவில் எதையோ வைத்துக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல.

"அழாதேய்யா. சத்தம் போட்டா அண்ணி பூசை கெட்டுப்போகும். அவங்க பிள்ளைக்காகக் கும்பிடுறாங்க."

சூசானுக்கு மேலே கேட்க முடியவில்லை. நேர்த்தியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அது, தான் அன்று தட்டிவிட்ட கைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. பெண்ணுக்குப் பெண் தெரியாதா? வண்டிக்கு இந்தப் பக்கம் தான் முழங்காலில் நிற்கிறோம், அந்தப் பக்கம் அவள் தனக்காக வாயை மூடிக்கொண்டு சாகிறாள் என்று நினைத்தபோது சூசானுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இவ்வளவு காலமும் கோயிலில் எதைப் படித்தேன் என்று நினைத்தாள்.

எழுந்து, மெழுகுவத்திகளை ஊதி அணைத்தாள்.

ஜொசெத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பைத்தியமா, ஆண்டவர் வளைவுக்கு வந்துவிட்டார் என்றாள். சூசான் கையை உதறினாள். சுரூபத்தை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து, ஜொசெத்தின் கைகளில் வைத்தாள். விளக்குத்தண்டுகளை எடுத்து அவள் அக்குளுக்கு ஒன்றாகச் செருகினாள். ஜொசெத் சாமானைக் கீழே போடவும் முடியாமல், தடுக்கவும் கை இல்லாமல், சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். பூச்சரங்களைச் சூசான் பிய்த்து எறிந்தாள். கொல்லைக்கு ஓடி மாடுகளைப் பிடித்து வந்தாள். ஃபிலிப் காய்ச்சலில் விழுந்த ஒரு வெட்டுக் காலம் முழுக்க அவளே கரும்பு வண்டி ஓட்டியவள்; மாடுகளுக்கு அவள் கை தெரியும். நுகத்தில் பூட்டி, கட்டையை உதைத்துத் தள்ளி, சக்கரத்துக் கற்களைக் காலால் விலக்கினாள்.

புடவையை மட்டும் அவள் எடுக்கவில்லை. அது அப்படியே தட்டில் விரிந்திருந்தது. அதற்கு அடியில் கைநிறைய வைக்கோலைத் திணித்தாள்.

"அண்ணே, தூக்குங்க," என்றாள்.

பொன்னுசாமியும் கிழவனும் கண்ணம்மாவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். வெள்ளையில் சிவப்பு ஊறியது. சூசான் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று தெரியும். கண்ணம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தட்டின் முன்பக்கம் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்தாள். பொன்னுசாமியைப் பின்னால் ஏறச் சொன்னாள்.

வண்டி நகர்ந்தபோது பவனியின் சிலுவை முப்பது கஜத்தில் இருந்தது.

பாட்டு நின்ற விதம் வேடிக்கையாக இருந்தது. முன்னால் வந்த சிறுமிகள் வண்டியைப் பார்த்து முதலில் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். பாட்டு தலையிலிருந்து வால்வரைக்கும் துண்டு துண்டாகச் செத்தது. கடைசியில் எர்வே கையில் இருந்த மணி மட்டும் ஒரு தடவை கிலுங்கி அடங்கியது. சிறுமிகள் பூக்கூடையோடு சுவரோரம் ஒதுங்கினார்கள். பெண்கள் ஒதுங்கினார்கள். நடுவில் வழி திறந்துகொண்டே போக, வண்டி மேற்கட்டிக்கு எதிரே போய் நின்றது. மேற்கட்டி பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

நான்கு கம்பு, நான்கு ஆள். முன்வலக் கம்பில் ஃபிலிப். அவன் வண்டியைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மடியில் கிடப்பவள் யார் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

எர்வே முன்னால் வந்து, பின்னுக்குத் தள்ளு, பின்னுக்குத் தள்ளு என்று கையை ஆட்டினான். மாட்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ள யாரால் முடியும்? ஆண்களில் சிலர் கடுமையாகப் பேசத் தொடங்கினார்கள். இந்துப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆண்டவருக்கு எதிரே வருகிறாள், இதற்குத்தான் அப்போதே சொன்னோம் என்று ஒரு குரல் கேட்டது. நல்ல குரல், கோயிலில் கீர்த்தனைக்கு முதல் எடுத்துக் கொடுக்கிற குரல்.

சாமியார் கிழவர். குளிருக்கு மூக்கு சிவந்திருந்தது. கதிர்ப்பாத்திரத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்ததால் எதிரே இருப்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. என்ன நின்றுவிட்டது, பீடம் எங்கே என்று கிரேயோலில் கேட்டார்.

எல்லோரும் சூசானைப் பார்த்தார்கள். அவளுக்குத் தப்பித்துக்கொள்ள நூறு வார்த்தை இருந்தது, ஒன்றும் அகப்படவில்லை.

"இந்த வண்டிதான் சாமி," என்றாள். "பீடத்து மேல ஆள் இருக்கு. சாகக் கிடக்குது."

சாமியார் கதிர்ப்பாத்திரத்தைச் சற்று இறக்கினார். வண்டிக்குள் பார்த்தார். வெள்ளைப் புடவை, லேஸ், அதில் ஊறிய ரத்தம், நெற்றியில் விபூதிப் பட்டையோடு வியர்த்துக் கிடக்கிற பெண், விரலைக் கடித்துக்கொண்டிருக்கிற அவள் புருஷன். அவர் என்ன நினைத்தார் என்று அன்றும் யாருக்கும் தெரியாது, பின்னாலும் அவர் சொன்னதில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றார். சூசானுக்கு அது ஒரு யுகமாக இருந்தது. அவர் வாயைத் திறந்து திரும்பிப் போ என்று சொல்லிவிட்டால், அவர் சொல்லைத் தட்ட அவளுக்குத் தெம்பு கிடையாது. பிறந்ததிலிருந்து தட்டியதில்லை. ஆனால் கயிற்றை அவள் விடவில்லை. அவர் திரும்பச் சொன்னாலும் இந்தக் கயிற்றைத் திருப்பப் போவதில்லை என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பயம், அவரைக் கண்ட பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போது கண்ணம்மா கண்ணைத் திறந்தாள். மேற்கட்டியின் கம்பைப் பிடித்திருக்கிற கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"அப்பாசாமி அண்ணே," என்றாள்.

ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. அத்தனை பேருக்கு நடுவில், ஆண்டவருக்கு முன்னால், அந்தப் பெயர். ஃபிலிப்பின் கை கம்பிலிருந்து நழுவியது. நான்கு கம்பில் ஒன்றை விட்டால் மேற்கட்டி எப்படி நிற்கும்? ஒரு மூலை சரிந்து, சரிகைக் குஞ்சம் எர்வேயின் தலையில் விழுந்தது. ஃபிலிப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

சாமியார் பாதையை விட்டு இறங்கினார். சுவருக்கும் பாதைக்கும் நடுவில் சாக்கடை. முதல் நாள் மழையில் சேறு. அதில் அவர் கணுக்கால் வரைக்கும் இறங்கி, பொன்னாடை சேற்றில் புரள, கதிர்ப்பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கட்டி அவருக்கு மேலே இல்லை. அவர் இறங்கியதைப் பார்த்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கீர்த்தனைக் குரல்காரன் கடைசியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வண்டி அவர்களைக் கடந்து போயிற்று. ஆண்டவரைக் கடக்கும்போது முழங்காலிட வேண்டும் என்பது சூசான் பேசக் கற்பதற்கு முன்பே கற்ற பாடம். அன்று அவளால் முடியவில்லை. மடியில் தலை இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிலிப் சூய்யாக் வரைக்கும் மாட்டுக்கு முன்னால் ஓடினான். டாக்டர் வீட்டிலேயே இருந்தார். கண்ணம்மா பிழைத்தாள். ஆண் குழந்தை, உயிரோடுதான் வந்தது, ஆனால் முதலில் வந்த அந்த இடது கை விளங்காமல் போயிற்று. யாரும் மதம் மாறவில்லை. கண்ணம்மா தேறிய பிறகு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, புடவையைத் துவைத்து மடித்து எடுத்து வந்தாள். பழக்கத்தில் வேலிக்கு வெளியிலேயே நின்றாள். சூசான் போய் அவள் கையைப் பிடித்தாள். மழை நாளில் தட்டிவிட்ட அதே கை. அதைப் பிடித்துக்கொண்டே அவளை வீட்டுக்குள் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் நதினைப் பற்றிப் பேசவில்லை. குழந்தையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள். புடவையில் கறை போகவே இல்லை.

ஊர் மன்னித்ததா என்று கேட்டால், ஊர் என்றைக்கு மன்னித்திருக்கிறது? அந்தச் சேற்றை அவர்கள் மறக்கவில்லை. சாமியாரும் சூசானைப் புகழ்ந்து பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. அடுத்த வருஷம் ஜொசெத் எப்படியோ கடன்பட்டு ஒரு ஜோடி மாடும் வண்டியும் வாங்கிவிட்டாள். பீடம் அவள் வாசலுக்குத் திரும்பிப் போயிற்று. ஃபிலிப்பிடம் கம்பைக் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. கையுறை இறுக்கமாக இருந்தது, அதனால் தானே வேண்டாம் என்றுவிட்டதாக அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். சூசானின் வயிறும் திறக்கவில்லை. பீடம் கலைந்ததால்தான் திறக்கவில்லை என்று ஜொசெத் சொல்வாள். சில ராத்திரிகளில் சூசானுக்கும் அந்தச் சந்தேகம் வரும். வந்தாலும், மறுபடி அந்தப் பகல் வந்தால் தான் வேறு எதுவும் செய்யப் போவதில்லை என்பதையும் அவள் அறிவாள்.

பீடம் கைமாறிய அந்த ஆண்டுத் திருவிழாவன்று காலையில், ஃபிலிப் எழுவதற்கு முன்னாலேயே அவள் வண்டியை வாசலுக்கு இழுத்தாள். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. நுகத்தடிக்கு முட்டுக் கொடுக்கவில்லை. மாடுகளைப் பூட்டினாள். தட்டில் புது வைக்கோல் பரப்பி, அதன்மேல் அந்தக் கறைபட்ட புடவையை விரித்தாள். பீடம் இங்கே இல்லையே, எதற்கு இது என்று ஃபிலிப் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்.

"யாருக்காவது தேவைப்படலாம்," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பவனி அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும், நிற்பதில்லை. பூட்டிய மாடுகள் வாலை வீசிக்கொண்டு நிற்கும். சூசான் சக்கரத்தின் பக்கத்தில், தரையில் முழங்காலிட்டிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் கண்ணம்மாவின் பையன், நல்ல கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எர்வேயின் மணியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான்.